முகம் நமது, கொட்டகை யாருடையது?

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து இருப்புப்பாதைகள் கூடுகின்றன. செங்கற்பட்டு வழியே சென்னைக்குச் செல்வது ஒன்று. விருத்தாசலம் வழியே திருச்சிக்குச் செல்வது ஒன்று. கடலூரைத் தொட்டு மயிலாடுதுறைக்குத் திரும்புவது ஒன்று. புதுவைக்குப் போவது ஒன்று. திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஏறுவது ஒன்று. ஐந்துக்கும் கால அட்டவணை உண்டு. நிலைய அதிகாரி உண்டு. கட்டணம் இன்னதென்று சொல்லும் பலகை உண்டு. வண்டி வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்பது மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் தெரியும்.

ஆறாவது பாதை ஒன்றும் அதே நடைமேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது, தோழரே! அதற்குத் தண்டவாளம் இல்லை, பயணச்சீட்டு இல்லை, நேரம் காலம் இல்லை. கல்லூரி மாணவன், துணிக்கடையில் நின்று களைத்த பெண், பணி முடிந்து திரும்பும் காவலர், பேரனைப் பார்க்கப் புறப்பட்ட பாட்டி, எல்லோருடைய கட்டைவிரலும் கண்ணாடித் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. படம் வருகிறது, போகிறது. பாட்டு வருகிறது, போகிறது. முகம் வருகிறது, மறைகிறது. இன்ஸ்டாகிராம் என்பது அதன் பெயர்.

அந்தப் பாதையை அமைத்தவர் யார்? அதில் செல்ல நாம் கொடுக்கும் கட்டணம் என்ன? வழியில் இடர் நேர்ந்தால் எந்த அதிகாரியிடம் முறையிடுவது? பயணம் செய்வோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த மூன்று கேள்விகளையும் கேட்டோர் எத்தனை பேர்? அவற்றைக் கேட்பதற்கே இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வந்திருக்கிறேன்.

"காலம் கெட்டுவிட்டது" என்று கைபிசைவோர் நம் ஊர்களில் நிரம்ப உண்டு. திண்டிவனத்துத் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும், அந்தப் புலம்பலை முழுதாகக் கேட்கலாம். பெண்பிள்ளைகள் ஆடுகிறார்களாம்! பையன்கள் படிப்பதில்லையாம்! எப்போது பார்த்தாலும் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்களாம்! அந்தக் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். முகம் காட்டுவது குற்றமென்றால், அரிதாரம் பூசி மேடையேறும் கூட்டத்தைச் சேர்ந்த நானன்றோ முதற் குற்றவாளி! தீர்ப்புக் கூறுமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: முகம் காட்டும் உரிமை இதுவரை யாரிடம் இருந்தது?

மாளிகையின் முகப்பறையில் மீசை முறுக்கிய பெரிய பண்ணையாரின் படம் தொங்கிற்று. அவர் அமர்ந்திருப்பார், கைத்தடியும் கடிகாரச் சங்கிலியுமாக. பக்கத்தில் மனைவி நிற்பாள், தலை கவிழ்ந்து. அவர் நிலத்தில் உழுதவனுக்குப் படம் ஏது? களை பறித்தவளுக்குப் படம் ஏது? மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் வெந்து வெள்ளைக் குவியல்களை எழுப்பியவர்களின் முகத்தை எந்தச் சட்டத்தில் மாட்டினார்கள்?

பிறகு வந்தன ஸ்டுடியோக்கள். சுவரில் வரைந்த பூந்தோட்டம். அட்டையில் செய்த தூண். பவுடர் டப்பா, சீப்பு, ஒரு கண்ணாடி. வருவோர்க்கெல்லாம் பொதுவாக ஒரே கோட்டு. திருமணத்துக்கு ஒரு படம், பிள்ளைக்கு ஒரு படம், வெளிநாடு செல்வோனுக்கு ஒரு படம். அதற்கும் காசு வேண்டும். காசில்லாத குடும்பத்தில் நிகழ்ந்தது என்ன தெரியுமா? உயிரோடிருந்தவரை ஒரு படமும் எடுக்கப்படாத கிழவியை, இறந்த பின்னர் நாற்காலியில் நிமிர்த்தி அமர்த்தி, மாலை சூட்டி, பிள்ளைகள் சுற்றி நின்று படமெடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் அத்தகைய படங்களை இன்றும் காணலாம். வாழ்நாள் முழுதும் உழைத்த முகம், கண்மூடிய பிறகே கண்ணாடிச் சட்டத்துக்குள் நுழைய அனுமதி பெற்றது!

அந்தக் கிழவியின் பேத்தி இன்று தன் முகத்தைத் தானே படம் எடுக்கிறாள். ஒரு நாளில் ஒன்பது முறை எடுக்கிறாள். எடுக்கட்டுமே! பாட்டிக்கு எடுக்கத் தவறிய படங்களையும் சேர்த்து எடுக்கட்டும்! எவருடைய பக்கத்தில் நிற்பது, எவ்வளவு குனிவது, தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று எவரும் கட்டளையிடாமல் அவள் நிற்கிறாளே, அந்த நிமிர்வு எளிதில் கிடைத்ததன்று.

படமெடுக்கும் கருவி எளியோர் கைக்கு வந்ததன் பயனை 2024-ஆம் ஆண்டு இதே மாவட்டத்தில் கண்டோம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, டிசம்பர் முதல் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஏரிகள் நிரம்பின, தென்பெண்ணை பெருக்கெடுத்தது, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, இரயில்கள் நின்றன. எந்தத் தெருவில் இடுப்பளவு நீர், எந்தச் சிற்றூர் தீவாயிற்று என்பதை உலகம் கண்டது பெரும்பாலும் அந்தத் தெருவில் நின்றவர்களின் செல்போன் வழியே. முன்னாளில் ஏழையின் குடிசை மிதந்ததற்கு அவன் கண்ணீரே சாட்சி. இன்று படமும் சாட்சி.

ஆகவே கருவியைப் பழிப்போர் பக்கம் நான் இல்லை. கண்ணாடி வந்ததற்காக முகத்தை மூடச் சொல்லும் அறிவுரை எனக்குத் தேவையில்லை. என் வழக்கு வேறு.

* * *

வழக்கைத் தொடுக்குமுன் வரலாறு.

2010-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கெவின் சிஸ்ட்ரம் என்ற இளைஞரும், பிரேசில் நாட்டில் பிறந்த மைக் கிரீகர் என்ற இளைஞரும் பர்பன் என்றொரு செயலியைச் செய்துகொண்டிருந்தனர். இருக்குமிடம் அறிவிக்கலாம், நண்பரைச் சந்திக்கத் திட்டமிடலாம், படம் போடலாம் என்று பத்து வேலைகளைச் செய்ய முயன்ற செயலி அது. மக்கள் விரும்பிப் பயன்படுத்தியது படம் போடுவதை மட்டுமே என்று கண்டனர். மற்றவற்றை வெட்டி எறிந்தனர். படம், அதன் கீழே ஒரு சொல், ஒரு பாராட்டுக் குறி. அவ்வளவுதான்.

செல்போனில் எடுத்த படம் அந்நாளில் மங்கலாக இருக்கும். தன் படங்கள் அழகாக இல்லையென்று சிஸ்ட்ரமின் காதலி குறைப்பட்டாராம். மெக்சிகோ கடற்கரையில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த சிஸ்ட்ரம், படத்துக்கு நிறமும் நிழலும் ஊட்டும் ஃபில்டரை அங்கேயே உருவாக்கினார். மங்கிய படம் மயக்கும் படமாயிற்று. உடனடிக் கேமரா என்பதில் பாதியும் தந்தி என்பதில் பாதியும் எடுத்து இன்ஸ்டாகிராம் என்று பெயர் சூட்டினர். தந்தி நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு ஜூலையோடு மறைந்தே போயிற்று. அதன் பெயரில் பாதி மட்டும் இந்தச் செயலியில் உயிரோடிருக்கிறது!

2010 அக்டோபர் 6 அன்று வெளியிட்டனர். முதல் நாளிலேயே 25,000 பேர் சேர்ந்தனர். ஆண்டு முடியுமுன் 10 இலட்சம். 2012 ஏப்ரலில் சுமார் 3 கோடி. அப்போது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பதின்மூன்று பேர்! அந்தப் பதின்மூவர் நிறுவனத்தை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார் பேஸ்புக்கின் மார்க் சக்கர்பர்க். அவர் கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்தியவர். நானும் அவ்வாறே. ஒற்றுமை அத்தோடு சரி!

அதே 2012-ஆம் ஆண்டு சனவரியில், படச்சுருள் என்றாலே நினைவுக்கு வந்த கோடாக் நிறுவனம், கடனைத் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடி நின்றது. 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு ஒரு காலத்தில் வேலை தந்த நிறுவனம் அது. ஒரு புறம் இலட்சம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை சாய்கிறது. மறு புறம் பதின்மூன்று பேர் வேலை செய்யும் அறை கோடிகளுக்கு விலை போகிறது. எனினும் படமெடுக்கும் வேலை உலகில் குறையவில்லை, முன்னெப்போதையும்விடப் பெருகிற்று. அந்த வேலையைச் செய்வோர் யார்? நீங்கள்! நான்! நம் வீட்டுப் பிள்ளைகள்! கூலி? அதைப் பிறகு பேசுவோம்.

நம் ஊர்களுக்கு இது வந்த வழியும் அறியத்தக்கது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையத்தின் விலை சரிந்தது. தரவை அளந்து அளந்து செலவிட்டவன் நாள் முழுதும் பார்க்கத் தொடங்கினான். அப்போதும் இன்ஸ்டாகிராம் பெரிதும் நகரத்துச் செல்வர் மனையின் விளையாட்டாகவே இருந்தது. சிற்றூரின் ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையும் அரங்கேறியது டிக்டாக்கில். நாற்று நட்டபடி பாடியவளும், செங்கல் சூளையில் வசனம் பேசியவனும் அங்கேதான் புகழ் பெற்றார்கள். 2020 ஜூன் 29 அன்று, எல்லையில் சீனத்தோடு மோதல் நிகழ்ந்த பின்னர், இந்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக் அவற்றில் ஒன்று. ஒரே இரவில் மேடை இருண்டது.

எண்ணி ஒன்பது நாள்! ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் வசதியை இந்தியாவில் திறந்துவைத்தது. ஒரு கொட்டகை பூட்டப்பட்டதும், வேடத்தைக் கலைக்காமலே அடுத்த கொட்டகைக்கு ஓடினார்கள் நம் கலைஞர்கள். விழுப்புரமும் திண்டிவனமும் செஞ்சியும் விக்கிரவாண்டியும் அன்றுதான் இன்ஸ்டாகிராமுக்குள் பெருவாரியாக நுழைந்தன. 2025 செப்டம்பரில் மாதந்தோறும் பயன்படுத்துவோர் தொகை 300 கோடியை எட்டிவிட்டதாகச் சக்கர்பர்க் அறிவித்தார். அந்தப் பெருங்கூட்டத்தில் முதலிடம் இந்தியாவுக்கு.

* * *

இனிக் கணக்கைப் பார்ப்போம். நாடகம் போட்டவனுக்குக் கணக்குத் தெரியும், தெரியாமற்போனால் பட்டினி.

ஒரு நாடகத்துக்கு என்ன வேண்டும்? கதை வேண்டும், நடிகர் வேண்டும், திரை வேண்டும், விளக்கு வேண்டும், கொட்டகை வேண்டும், பார்ப்போர் வேண்டும். நுழைவுச்சீட்டு விற்று வரும் வசூலில் கொட்டகைக்காரனுக்கு வாடகை, விளக்குக்காரனுக்குக் கூலி, நடிகருக்குச் சம்பளம். மிச்சமிருந்தால் ஆசிரியனுக்கு ஒரு துண்டு! குறைவோ நிறைவோ, யாருக்கு எவ்வளவு என்பது எல்லோர்க்கும் தெரியும்.

இந்தப் புதுக் கொட்டகையைப் பாருங்கள். கதை உங்களுடையது, நடிப்பு உங்களுடையது, உடை உங்களுடையது, விளக்கு உங்கள் வீட்டு மின்சாரம், கேமரா நீங்கள் தவணைமுறையில் வாங்கிய செல்போன். பார்ப்போரும் நீங்களே. நுழைவுச்சீட்டு இல்லை, எல்லோரும் வரலாம் என்கிறான் கொட்டகைக்காரன். தருமப் பிரபுவா அவன்? இன்ஸ்டாகிராமையும் பேஸ்புக்கையும் வாட்சப்பையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வருவாய் 16,400 கோடி டாலருக்கும் மேல். ஏறக்குறைய அத்தனையும் விளம்பரத்தால் வந்தது.

சீட்டு விற்காமல் வசூல் எப்படி? அவன் விற்பது பார்ப்போரையே! எந்தப் படத்தின் மேல் உங்கள் விரல் எத்தனை விநாடி தயங்கிற்று, எந்தச் சேலையை இருமுறை பார்த்தீர்கள், எந்த நோயைப் பற்றிய பேச்சைக் கடைசிவரை கேட்டீர்கள் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்கிறது அந்த இயந்திரம். உங்கள் ஆசையும் அச்சமும் ஏட்டில் ஏறுகின்றன. சேலை விற்பவனுக்கும் மருந்து விற்பவனுக்கும் "இன்னாரிடம் காட்டு" என்று அந்தக் கண்களை ஏலம் விடுகிறார்கள். நீங்கள் இலவசமாகப் பார்த்ததாக எண்ணினீர்கள், தோழரே! உங்களைப் பார்த்தார்கள், அதற்குத்தான் பணம்.

பங்கு உண்டா என்று கேளுங்கள். யூடியூப் தன் விளம்பர வருவாயில் ஒரு பங்கைத் தகுதி பெற்ற படைப்பாளருக்குத் தருகிறது. அதைப் போன்ற நிலையான பங்கு ரீல்ஸ் போடும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. கடைக்காரர் எவராவது தம் சரக்கைக் காட்டச் சொல்லிக் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் இதயக்குறிகளை எண்ணிக்கொண்டு உறங்கலாம். இதயக்குறியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த மளிகைக் கடையில் அரிசி போடுவார்கள்?

மேடையில் யார் முன்னே நிற்பது என்பதைத் தீர்மானிப்பவன் யார்? தொடக்கத்தில் படங்கள் கால வரிசையில் வந்தன; முன்னே போட்டது முன்னே, பின்னே போட்டது பின்னே. 2016-ஆம் ஆண்டு அந்த முறையை மாற்றுவதாக அறிவித்தார்கள். அன்றுமுதல் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது இயந்திரத்தின் விருப்பம். அந்த இயந்திரத்துக்கு நியாயம் தெரியாது, கலை தெரியாது. எது உங்களை எழவிடாமல் இருத்தி வைக்கும் என்பது மட்டும் தெரியும். விடிய விடிய ஆடும் தெருக்கூத்துக் கலைஞன், இந்த வடமாவட்டத்தின் பெருமைக்குரியவன், தன் கலையை நறுக்கி ஒரு நிமிடத் துண்டாக்கித் தருகிறான். முதல் மூன்று விநாடியில் கிரீடம் சுழலவில்லையென்றால் விரல் தள்ளிவிடும் என்று அஞ்சுகிறான். துரியோதனன் வேடமிட்டவன் கட்டைவிரலுக்கு நடுங்கும் காலம் இது!

வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் பெண், சேலை விற்கும் பெண், மருதாணி வரையும் பெண், இவர்களுக்கு அந்தக் கொட்டகைதான் கடைத்தெரு. கடை வாடகையின்றித் தொழில் செய்கிறார்கள், அது நன்மையே. ஒருநாள் காலை கணக்கு முடக்கப்பட்டிருக்கும். காரணம்? "விதியை மீறினீர்" என்று ஒரு வரி. எந்த விதி? எங்கே மீறினேன்? பதில் சொல்ல ஆளில்லை. ஐந்தாண்டு தேடிய வாடிக்கையாளர்கள் ஒரு நொடியில் போயினர். நகராட்சி ஒரு பெட்டிக்கடையை அகற்றுவதென்றாலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இங்கே அதுவும் இல்லை!

போட்டிக்கு வேறு கொட்டகை இருந்தால் இந்த ஆணவம் செல்லுமா? போட்டியிடுவதைவிட விலைக்கு வாங்கிவிடுவது மேல் என்ற கருத்தைச் சக்கர்பர்க் 2008-லேயே மின்னஞ்சலில் எழுதியிருந்தார். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2020-இல் தொடுத்த வழக்கில் அது சான்றாக வைக்கப்பட்டது. அந்த வழக்கில் 2025 நவம்பரில் மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சட்டம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்திருக்கலாம். கொட்டகைகள் ஒருவர் கையில் குவிந்தது குவிந்ததுதான்.

* * *

பணத்தோடு முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முடியவில்லையே!

நம் மண்ணின் நிறம் கறுப்பு. கடலை விளையும் செம்மண்ணிலும் கழனிச் சேற்றிலும் வெயில் தீட்டிய நிறம். அந்த நிறத்துப் பெண், செல்போனில் உள்ள "அழகூட்டும்" ஃபில்டரைத் தொட்டதும் என்ன நிகழ்கிறது? முகம் வெளுக்கிறது, மூக்கு மெலிகிறது, கன்னம் சுருங்குகிறது. "இவ்வாறு இருந்தால் நீ அழகி" என்று சொல்லாமல் சொல்கிறது இயந்திரம். எத்தனை தலைமுறையாகக் கேட்ட வசை! திருமணச் சந்தையில் மாமியார் சொன்னது, இன்று பதினான்கு வயதிலேயே பெண்ணின் உள்ளங்கையிலிருந்து ஒலிக்கிறது.

நான் கற்பனை செய்கிறேன் என்று எண்ணாதீர்கள். 2021-ஆம் ஆண்டு, அந்த நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தம் உடலைப் பற்றி மனம் குன்றும் வேளையில் இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்குவதாக வளரிளம் பெண்களில் 32 விழுக்காட்டினர் கூறினர் என்பது அவர்களுடைய ஆய்விலேயே இருந்தது. ஆய்வைத் திரித்துக் காட்டுகிறார்கள் என்றது நிறுவனம். இருக்கட்டும். கேடு இல்லையென்றால் ஆய்வை ஏன் உலகுக்குக் காட்டாமல் பூட்டிவைக்க வேண்டும்?

இன்னும் கொடியது ஒன்று உண்டு. ஒரு மாணவியின் படத்தை எடுத்து, வேறோர் உடலோடு ஒட்டி, "பணம் கொடு, இல்லையேல் பரப்புவேன்" என்று மிரட்டுகிறான் ஒரு கயவன். செய்தி வீட்டுக்குத் தெரிகிறது. வீட்டில் நடப்பதென்ன? காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்களா? பல வீடுகளில் இல்லை! பெண்ணின் செல்போன் பிடுங்கப்படுகிறது. கல்லூரிக்கு முழுக்கு. மூன்று மாதத்தில் எவனோ ஒருவனுக்குத் திருமணம். மிரட்டியவன் கையில் செல்போன் இருக்கிறது; மிரட்டப்பட்டவள் கையிலிருந்த புத்தகம் பறிக்கப்படுகிறது! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த பெண் அவள். அந்த வாயிலை ஒரு பொய்ப்படம் மூடிவிடுமென்றால், அவளைப் படிக்க வைக்கப் பாடுபட்ட தலைமுறைகளின் உழைப்புக்கு என்ன பொருள்?

பெற்றோரே! உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பெண்ணைத் தண்டிக்காதீர்கள். பிறர் அந்தரங்கத்தைப் படமெடுத்துப் பரப்புவோனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு கூறுகிறது. இணையக் குற்றத்துக்கு 1930, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன. அந்த மூன்று எண்களையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், உன் படிப்பு நிற்காது" என்று மகளிடம் இன்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே கயவனின் கையிலுள்ள ஆயுதத்தை மழுங்கடித்துவிடும்.

மகனையும் மறவாதீர்கள். பைக்கில் நின்றுகொண்டு, மணிக்கட்டில் சாதி வண்ணக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "எங்கள் ஆட்களை எதிர்ப்பவன் எவன்?" என்று பாட்டுக்கு வாயசைக்கிறானே, அந்தப் பையனும் நம் பையன்தான். இயந்திரத்துக்கு அவன் வெறி இனிப்பு. பார்ப்போர் தொகை கூடும். எதிர்த்தெருப் பையன் பதில் ரீல்ஸ் போடுவான். அது இன்னும் இனிப்பு. இரண்டு தெருவும் மோதிக்கொண்டால் மருத்துவமனைக்கு இயந்திரம் வராது. பள்ளிகளில் சாதிப் பகைமையை ஒழிக்க வழி கூறிய நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதிக் கயிறுகளைத் தடுக்கவும் மாணவர் பள்ளிக்குள் செல்போன் கொண்டுவருவதை விலக்கவும் பரிந்துரைத்தது. பள்ளி வாயிலில் ஆசிரியர் தடுக்கலாம். வீட்டுத் திண்ணையில் தடுக்க வேண்டியவர் யார்?

புகழுக்குக் குறுக்கு வழி உண்டு என்று நம்புகிறான் அந்தப் பையன். அவனிடம் இரண்டு முதலெழுத்துகளைப் பற்றிச் சொல்லுங்கள். வி.சி. கணேசன் என்ற பெயரில் "வி" என்பது விழுப்புரம். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடமும் துணை வேடமும் தாங்கி, ஆண்டுக்கணக்கில் வசனத்தை வாயிலே மென்று பழகியவர். மேடையில் அவர் ஏற்ற சிவாஜி வேடம் அவருக்கு அடைமொழியாயிற்று. அதை வழங்கியவர் பெரியார். 1952-இல் பராசக்தி வெளிவந்தபோது, ஒரே நாளில் புகழ் வந்ததாக உலகம் எண்ணிற்று. அந்த ஒரு நாளுக்குப் பின்னே எத்தனை இரவுகள்!

மற்றொன்று டி.எம்.வி. நிலக்கடலை பயிரிடும் உழவர்க்கு அந்த எழுத்துகள் தெரியும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைக்குப் பெயர். டி.எம்.வி. என்றால் திண்டிவனம்! அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் விதைத்து, கழித்து, தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. தமிழறியாத உழவனும் அந்த ஊரின் முதலெழுத்தைச் சொல்லி விதை கேட்கிறான். ஒரு நடிகன், ஒரு விதை. இரண்டும் முளைக்கக் காலம் பிடித்தன. முளைத்த பின் வாடவில்லை.

* * *

என் வழக்கு இனித் தெளிவாகியிருக்கும். செல்போனை உடைக்கச் சொல்லவில்லை. செயலியை ஒழிக்கச் சொல்லவில்லை. கொட்டகையில் ஆடுவோரும் பார்ப்போரும் நாமென்றால், கொட்டகைச் சட்டத்திலும் நமக்குக் குரல் வேண்டும் என்கிறேன்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. கேட்டதால் கிடைத்தவற்றைப் பாருங்கள். பல நாட்டுப் பெற்றோர் போராடினர்; வழக்குத் தொடுத்தனர். அதன் பின்னரே 18 வயதுக்குட்பட்டோர் கணக்குகள் தாமாகவே பிறர் பார்வைக்கு மூடப்பட்டிருக்கும் ஏற்பாட்டை 2024 செப்டம்பரில் சில நாடுகளிலும் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. நம் நாட்டில் 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டலாகாது என்றும் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. ஏட்டில் ஏறிய சட்டம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.

நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒரு கணக்கை முடக்கினால் எந்த விதி, எந்தப் படம், ஏன் என்பதைத் தமிழில் எழுதித் தரவேண்டும். முறையீட்டைக் கேட்க மனிதர் இருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகள் குறைதீர் அலுவலர் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. இருக்கிறார் என்பது போதாது, திண்டிவனத்துப் பெண்ணின் தமிழ்க் கடிதம் அவருக்கு விளங்க வேண்டும். விளம்பர வருவாயில் படைப்போர்க்கு அறிவிக்கப்பட்ட பங்கு வேண்டும். எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் இயந்திரத்தை, அரசுக்கும் நிறுவனத்துக்கும் கட்டுப்படாத அறிஞர் சோதித்து ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும். பள்ளிப் பாடத்தில், படம் எவ்வாறு பொய் சொல்லும் என்பதைக் கற்பிக்க ஒரு பகுதி வேண்டும். எழுத்தறிவு கொடுத்த நாடு பட அறிவையும் கொடுக்கட்டும்.

பணியாரம் விற்பவனும் நிறை குறைந்தால் தண்டிக்கப்படும் நாட்டில், முகங்களை விற்பவன் மட்டும் தராசின்றி வணிகம் செய்யலாமா?

இளைஞரே, உங்களுக்கும் ஒரு சொல். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அந்தப் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் மராட்டியத்துக்கு வெளியே இருப்பது அது ஒன்றே. இராஜகிரியின் உச்சிக்கு ஏறுங்கள்; படமெடுங்கள்; பெருமையோடு போடுங்கள். விளிம்பில் தொங்கி எடுக்க வேண்டாம். சுவரில் பெயரைக் கீற வேண்டாம். படத்தின் கீழே கோட்டையின் கதையை நான்கு வரி எழுதுங்கள். 1714-இல், இருபத்திரண்டு வயதில், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்து நின்று மாண்ட தேசிங்குக்கு ஒரு செல்போனும் இல்லை. முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் நாட்டுப்புறப் பாடகர் வாயில் அவன் வாழ்கிறான். செய்கை இருந்தால் படம் பின்னால் வரும்.

உங்கள் தெருவில் குடிநீர் வராவிட்டால் அதைப் படமெடுங்கள். ஏரிக்கரை உடைந்திருந்தால் படமெடுங்கள். எந்த நாள், எந்த இடம் என்று எழுதுங்கள். பழைய படத்தைப் புதிதென்று போடாதீர்கள், பொய் கலந்த சாட்சியை எந்த மன்றமும் ஏற்காது. உங்கள் பாட்டியை உயிரோடிருக்கும்போதே, அவள் சிரிக்கும்போதே படமெடுங்கள். அதை உலகுக்குக் காட்டுவதா, வீட்டில் வைப்பதா என்பதை அவளைக் கேட்டுச் செய்யுங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்து உங்கள் மதிப்பை எடை போடாதீர்கள். அந்த எண் கொட்டகைக்காரனின் கல்லாப்பெட்டிக் கணக்கு. அதற்கும் உங்கள் உயரத்துக்கும் தொடர்பில்லை.

பண்ணையார் மாளிகையின் சுவரில் இடமில்லாதிருந்த முகங்கள் இன்று உலகத்தின் சுவரில் ஏறிவிட்டன. அந்த வெற்றியை யாரும் பறிக்க விடமாட்டோம். சுவருக்குச் சொந்தக்காரன் பழைய பண்ணையாரைப்போலவே, யார் அமர்வது, யார் நிற்பது, யார் தலைகுனிவது என்று கட்டளையிடத் தொடங்கினால், அவனிடமும் கணக்குக் கேட்போம்.

முகம் நம்முடையது, தோழரே. அதன் விலையை அடுத்தவன் எழுத விடாதீர்கள்.